செமி ஆட்டோ ரைபிளுக்கு எந்த எண்ணெய், எங்கே, எவ்வளவு

செமி ஆட்டோமேட்டிக் ரைபிளில், அதாவது சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்கிற துப்பாக்கியில், எண்ணெய்க்கு மூன்று வேலை. உலோகத்தோடு உலோகம் உரசுகிற இடத்தில் தேய்மானத்தைக் குறைக்க வேண்டும். சுடும்போது வந்து படிகிற கரியைக் காய்ந்து இறுகிப்போக விடாமல் இளக்கமாக வைத்திருக்க வேண்டும். சுடாமல் வைத்திருக்கிற நாட்களில் துரு ஏறாமல் காக்க வேண்டும். மூன்றையும் ஒரே மாதிரி சிறப்பாகச் செய்கிற எண்ணெயை நான் பார்த்ததில்லை, ஏனென்றால் ஒரு வேலைக்கு வேண்டிய குணம் அடுத்த வேலைக்கு இடைஞ்சலாக வந்து நிற்கும். கரிக்குள் ஊடுருவிப் போக எண்ணெய் மெல்லியதாக இருக்க வேண்டும், ஆனால் மெல்லிய எண்ணெய் சூட்டில் சீக்கிரம் ஆவியாகும், நிறுத்தி வைத்தால் வழிந்தும் ஓடிவிடும். துருவைத் தடுக்க மெழுகு போல ஒட்டிப் பிடிக்க வேண்டும், அப்படி ஒட்டுகிற சரக்கு தூசியையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் எந்த பாட்டில் உசத்தி என்று தேடுவதற்கு முன்னால், உங்கள் துப்பாக்கி இந்த மூன்றில் எதற்கு அதிகம் திணறுகிறது என்று யோசித்துவிடுங்கள். வாரா வாரம் நூற்றுக்கணக்கில் சுடுகிறவருக்குக் கரிதான் பிரச்சினை. வருஷத்தில் இரண்டு தடவை வெளியே எடுக்கிறவருக்குத் துருதான் பிரச்சினை. இரண்டு பேரும் ஒரே எண்ணெயைப் போட்டு ஒரே பலனை எதிர்பார்த்தால் ஒருவருக்குக் கட்டாயம் ஏமாற்றம்தான்.

எண்ணெயைத் தொடுவதற்கு முன் வழக்கமான ஒழுங்கு. மேகசினை (தோட்டா அடுக்குகிற பெட்டி) கழற்றுங்கள், போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி, பின்னால் மூடி நிற்கிற பாகம்) பின்னால் இழுத்து நிறுத்துங்கள், சேம்பரை (பேரலில் தோட்டா உட்காருகிற அறை) கண்ணால் பார்த்து, சுண்டு விரலை விட்டும் தடவிப் பாருங்கள். இந்த வரிசை மாறக்கூடாது, மேகசின் உள்ளே இருக்கும்போது போல்ட்டை இழுத்தால் ஒரு தோட்டாவை வெளியே தள்ளிவிட்டு அடுத்ததை நீங்களே உள்ளே ஏற்றியிருப்பீர்கள். வேலை செய்கிற மேஜை மேல் தோட்டாவே இருக்கக்கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கரியில் ஈயம் கலந்திருக்கும், அந்தக் கையோடு எதையும் சாப்பிட வேண்டாம்.

எண்ணெய் உள்ளே என்ன செய்கிறது

கார் எஞ்சினில் தண்டு ஓயாமல் சுற்றிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் ஒரு ஆப்பு போல இடுக்கில் நுழைந்து இரண்டு உலோகத்தையும் பிரித்துத் தூக்கி நிறுத்தும். ரைபிளில் அந்த வசதி கிடையாது. போல்ட் கேரியர், அதாவது போல்ட்டைச் சுமந்து ஓடுகிற பாகம், சட்டென்று பின்னால் போய், நின்று, திரும்பி முன்னால் வந்து, மறுபடியும் நிற்கிறது. நிற்கிற ஒவ்வொரு தடவையும் எண்ணெய்ப் படலம் பிதுங்கி வெளியேறி உலோகத்தின் மேடுகள் ஒன்றையொன்று தொட்டுவிடும். அந்த நேரத்தில் காப்பாற்றுவது எண்ணெயின் தடிமன் கிடையாது. உலோகத்தின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டிருக்கிற சேர்மானங்கள்தான் காப்பாற்றும். நல்ல எண்ணெய்களில் தேய்மானத் தடுப்புச் சேர்மானம் எதற்காகப் போடுகிறார்கள் என்பதற்கு இதுதான் காரணம், வெறும் மினரல் ஆயிலை நம்பினால் ஏன் சீக்கிரம் உராய்வுத் தடம் தெரிகிறது என்பதற்கும் இதே காரணம்தான்.

மேல்பூச்சையும் பாருங்கள். பாஸ்பேட் பூச்சு உள்ள பாகங்கள், அதாவது மங்கலான சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருப்பவை, நுண்துளைகள் உள்ளவை. அவை எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும், பூச்சே எண்ணெயோடு சேர்ந்து வேலை செய்யத்தான் உருவானது. எண்ணெய் இல்லாத பாஸ்பேட் துருவைப் பெரிதாகத் தடுக்காது. குரோம், நிக்கல் போரான் மாதிரி வழுவழுப்பான பூச்சுகள் எண்ணெயைத் தேக்கி வைக்காது, ஆனால் கரியைத் துடைத்தெடுப்பது சுலபம். விற்கிறவர்கள் "எண்ணெயே வேண்டாம்" என்று சொல்வார்கள். போடுங்கள், குறைவாகப் போடுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் எண்ணெய் வேண்டும், துருவுக்காக என்பதைவிட ஸ்டெயின்லெஸ்ஸோடு ஸ்டெயின்லெஸ் உரசினால் ஒன்றோடொன்று கடித்துப் பிய்த்துக்கொள்ளும் சுபாவம் அதற்கு உண்டு என்பதற்காக.

கடையில் இருப்பவை

சி.எல்.பி. என்று எழுதிய பாட்டில்தான் எங்கும் கிடைக்கும். சுத்தம் செய்வது, உராய்வைக் குறைப்பது, துருவைத் தடுப்பது, மூன்றும் ஒன்றில். அமெரிக்க ராணுவத்தின் மில்-பிஆர்எஃப்-63460 என்ற தரநிர்ணயம்தான் இதன் அடிப்படை. −51 டிகிரி செல்சியஸிலிருந்து +71 டிகிரி வரை வேலை செய்ய வேண்டும் என்பது அதன் கணக்கு. பாட்டிலில் "இந்தத் தரத்துக்கு ஏற்ப" என்று அச்சடித்திருப்பதும், ராணுவம் சோதித்துத் தன் அங்கீகாரப் பட்டியலில் சேர்த்திருப்பதும் வேறு வேறு, இரண்டாவதுதான் கணக்கு. சில சி.எல்.பி.யில் டெஃப்லான் துகள் இருக்கும், அது அடியில் தங்கிவிடும், குலுக்காமல் ஊற்றினால் மேலே இருக்கிற கரைப்பானை மட்டும் ஊற்றிக்கொண்டிருப்பீர்கள். பெரும்பாலானவர்களுக்கு சி.எல்.பி. போதும். என் மனக்குறை ஒன்றே ஒன்றுதான். அதிலுள்ள கரைப்பான் ஆவியானபின் மிஞ்சுகிற படலம் மெல்லியது, நிறையச் சுடுகிற நாளில் நடுவில் ஒரு தடவை மறுபடியும் போட வேண்டியிருக்கும்.

அப்புறம் "சுத்தம் செய்யும்" என்ற சொல்லை நம்பித் துணியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அமெரிக்க ராணுவத்தின் எம்16 ரைபிள் வியட்நாமுக்குப் போன புதிதில் அதற்குப் பராமரிப்பு அதிகம் தேவையில்லை என்ற எண்ணம் பரவியிருந்தது, போதிய துப்புரவுச் சாமான்கள்கூட வீரர்களுக்குப் போய்ச் சேரவில்லை. வெடிமருந்தை மாற்றியிருந்ததும், சேம்பருக்குக் குரோம் பூசாததும், ஈரக்காற்றும் எல்லாம் ஒன்று சேர்ந்து துப்பாக்கிகள் சிக்கி நின்றன, 1967இல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று விசாரிக்கிற அளவுக்குப் போனது. எண்ணெய் கரியை இளக்கி வைக்கும், அவ்வளவுதான். எடுத்து வெளியே போடுவது துணியும் பிரஷ்ஷும் உங்கள் கையும்.

துப்பாக்கிக்கென்றே விற்கிற சிந்தெடிக் எண்ணெய்கள், கரைப்பான் கலக்காதவை, உராய்வு வேலையில் சி.எல்.பி.யைவிடக் கொஞ்சம் உசத்தி. சுத்தம் செய்வதற்கு வேறு ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். நிறையச் சுடுகிறவராக இருந்தால் இந்த ஏற்பாடு நல்லது, ஒரு சால்வென்ட் (கரைப்பான்), ஒரு எண்ணெய்.

முழு சிந்தெடிக் எஞ்சின் ஆயில் போடலாமா என்று கேட்காதவர் கிடையாது. போடலாம். 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 மாதிரி கிரேடுகள் ரைபிளில் நன்றாகவே வேலை செய்யும், தேய்மானத் தடுப்புச் சேர்மானமும் கரியைத் திரள விடாமல் மிதக்க வைக்கிற டிடர்ஜென்ட்டும் ஏற்கெனவே அதில் உண்டு, தீப்பிடிப்பு வெப்பநிலையும் பொதுவாக 200 டிகிரிக்கு மேல், சட்டென்று ஆவியாகாது. குறை எங்கே என்றால், மூடிய எஞ்சினுக்குள் இருப்பதற்காகச் செய்தது, திறந்த காற்றிலும் வியர்வையிலும் நிற்கிற இரும்பைத் துருவிடமிருந்து காப்பது அதன் முதல் வேலை கிடையாது. அதனால் சுடுகிற காலத்துக்குச் சரி, பெட்டியில் மாதக்கணக்கில் வைப்பதற்கு வேறு எண்ணெய். எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலை மட்டும் தொடவே தொடாதீர்கள், அதில் அமிலமும் உலோகத்தூளும் தோலுக்கு ஆகாத, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சேர்மங்களும் இருக்கும்.

டபிள்யூ.டி.-40 பற்றி. 1953இல் ஈரத்தை விரட்டுவதற்காக உருவாக்கிய சரக்கு, பெயரிலேயே அது இருக்கிறது (வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட்), நாற்பதாவது முயற்சியில் கைகூடியதால் 40. மழையில் நனைந்த துப்பாக்கியில் தண்ணீரை இடுக்குகளிலிருந்து வெளியேற்ற அதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனால் அதில் பெரும்பங்கு ஆவியாகிப் போகிற கரைப்பான், மிஞ்சுவது மிக மெல்லிய படலம். அதை அடித்துவிட்டு, துடைத்து, மேலே நிஜமான எண்ணெய் போடுங்கள். அதையே எண்ணெயாக வருஷக்கணக்கில் அடித்துக்கொண்டிருந்தால் ட்ரிகர் இடுக்குகளில் பழுப்பு நிறப் பிசின் சேர்ந்துவிடும்.

பாலிஸ்டால் என்று ஒரு பழைய ஜெர்மன் சரக்கு, முதல் உலகப் போருக்கும் முந்தையது. மரக்கட்டைக்கும் தோல் வாருக்கும் கெடுதல் செய்யாது, தண்ணீரோடு கலந்தால் பால் மாதிரி ஆகும், அந்தக் குணம்தான் அதன் தனிச்சிறப்பு. வாசனை பிடித்தவர்களுக்குப் பிடிக்கும், மற்றவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தாவர எண்ணெயை அடிப்படையாகக் கொண்டவை, "விஷமற்றது, இயற்கை" என்று சொல்லி விற்பவை, சுடுகிற அன்றைக்கு அருமையாக இருக்கும். கரி ஒட்டாது, கை எரியாது. ஆனால் தாவர எண்ணெய் காற்றுபட்டால் மெல்ல மெல்ல இறுகும், சூடு சேர்ந்தால் இன்னும் வேகமாக. சமையல் எண்ணெய் பாட்டிலின் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற பிசுக்கை விரலால் தொட்டுப் பார்த்திருப்பீர்கள், அதுதான் இது. சுட்டதும் துடைத்துச் சுத்தம் செய்கிறவர் தாராளமாக வாங்கலாம், ஆறு மாதம் அப்படியே வைக்கிறவர் வாங்க வேண்டாம். ஆளி விதை எண்ணெய் மரக்கட்டைக்கு மட்டும், உலோகத்தில் பட்டால் வார்னிஷ் ஆகிவிடும். அதில் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயவிட்டுப் பிறகு போடுங்கள்.

கிரீஸ் யாருக்கு

கிரீஸ் என்பது எண்ணெயைச் சோப்பு மாதிரி ஒரு கெட்டிப்படுத்தியில் பிடித்து வைத்ததுதான். சறுக்கி ஓடுகிற, பளு அதிகமான, எண்ணெய் நின்றால் வழிந்துவிடுகிற இடங்களுக்கு அது சரி. இரண்டாம் உலகப் போரில் எம்1 காரண்ட் துப்பாக்கி பலத்த மழையில் எண்ணெய் கழுவிப்போய் இறுக்கம் காட்டியது, அதன்பிறகுதான் வீரர்களுக்கு ஒரு சின்னஞ்சிறு டப்பியில் கிரீஸ் கொடுத்தார்கள். அந்தக் குடும்பத்துத் துப்பாக்கிகளில், அதாவது எம்1, எம்14, மினி-14 போன்றவற்றில், ஆப்பரேட்டிங் ராட் (போல்ட்டை முன்னும் பின்னும் ஓட்டுகிற தண்டு) ஓடுகிற தடம், போல்ட்டின் லக் (போல்ட்டைப் பூட்டுகிற புடைப்பு), அந்த ராடுக்குள் உட்காருகிற போல்ட் நுனி, இவற்றுக்கு இன்றைக்கும் கிரீஸ்தான் பொருத்தம். எம்16 குடும்பத்து ஏ.ஆர்.-15 வகைக்கு எண்ணெய் பொருத்தம், ரஷ்ய ஏ.கே. வகை இரண்டில் எதைப் போட்டாலும் முகம் சுளிக்காது.

கிரீஸின் கெட்டித்தன்மையை என்.எல்.ஜி.ஐ. எண்ணால் குறிப்பார்கள். சக்கர பேரிங்குக்குப் போடுவது பெரும்பாலும் 2. ரைபிளுக்கு 0 அல்லது 1 என்றால் இளக்கமாக இருக்கும், குளிரில் போல்ட்டை மந்தப்படுத்தாது. டப்பியில் மாலிப்டினம் டைசல்ஃபைடு என்று இருந்தால் நல்லது, கறுப்பாக எல்லா இடத்திலும் ஒட்டும், சட்டையைப் பத்திரப்படுத்துங்கள். கிராஃபைட் உள்ள கிரீஸை அலுமினிய ரிசீவர் உள்ள துப்பாக்கியில் போடாதீர்கள். அலுமினியமும் கிராஃபைட்டும் ஈரமும் சேர்ந்தால் ஒரு சிறு பேட்டரி போல ஆகி அலுமினியத்தை அரிக்கும். ஏ.ஆர்.-15 பேரல் நட்டின் மரையை இறுக்கும்போது கிராஃபைட் இல்லாத மாலிப்டினம் கிரீஸைச் சொல்வது இதனால்தான்.

வெயில், குளிர், தூசி

வெப்பமான, ஈரமான இடத்தில் மெல்லிய எண்ணெய் நிற்காது, கொஞ்சம் தடித்த எண்ணெய் அல்லது இளகிய கிரீஸ் போட்டு, வெளிப்புறத்தை அடிக்கடி துடைத்துவிடுங்கள். உறைகுளிரில் தலைகீழ். சாதாரண கிரீஸ் கட்டியாகும், தடித்த எண்ணெய் கூழாகும், அப்போது முதலில் பழுதாவது ஃபயரிங் பின், அதாவது தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்க வைக்கிற ஊசி. மந்தமாக முன்னால் போய் பிரைமரை (தோட்டாவின் அடியிலுள்ள தீமூட்டி) லேசாகத் தட்டிவிட்டு நிற்கும், தோட்டா வெடிக்காது, ஆட்கள் தோட்டாவைத் திட்டுவார்கள். குளிருக்கென்று மிக மெல்லிய ஆயுத எண்ணெய்கள் தனியாக உண்டு, உறைநிலைக்கு வெகு கீழே போகிற ஊர்களில் அவற்றைத்தான் போட வேண்டும், அதுவும் பழையதை முழுக்கத் துடைத்துவிட்டு. இன்னொரு விஷயம், குளிரிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவந்ததும் துப்பாக்கி முழுக்க வியர்க்கும், உள்ளேயும்தான். அந்த ஈரத்தோடு மறுபடியும் வெளியே எடுத்துப் போனால் உறைந்துவிடும்.

தூசியில் எண்ணெயே போடாதே என்பது பரவலான அறிவுரை, பாதிதான் சரி. வெளியே தெரிகிற பாகங்களை எண்ணெய் இல்லாமல் துடைத்து வைக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் உள்ளே ஓடுகிற போல்ட் கேரியரை வறண்டு வைத்தால், குறிப்பாக சுட்டதும் வருகிற வெடிமருந்து வாயுவை நேரடியாக உள்ளே அனுப்புகிற ஏ.ஆர்.-15 வகையில், கரியும் மணலும் சேர்ந்து உப்புத்தாள் போல அறுக்கும். ஈரமாக இருந்தால் அதே குப்பை குழம்பாகிச் சறுக்கிக்கொண்டு போகும். எண்ணெய் போடுங்கள், அடிக்கடி துடைத்துப் புதிதாகப் போடுங்கள். சப்ரஸர் (சத்தத்தைக் குறைக்கிற குழாய்) பூட்டுகிறவர்களுக்கும் இதுவே, வாயு அதிகமாகப் பின்னால் திரும்புவதால் எண்ணெய் சீக்கிரம் காய்ந்துவிடும்.

வாங்குவதற்கு முன் ஒரு பார்வை, வாங்கியபின் ஒரு சோதனை

பாட்டிலின் முன்பக்கத்தைவிட அதன் தரவுத்தாளில் விஷயம் அதிகம் இருக்கும். 40 டிகிரியில் பாகுநிலை, ஓடாமல் நிற்கிற தாழ்வெப்பநிலை, தீப்பிடிப்பு வெப்பநிலை, இந்த மூன்று எண் போதும். தீப்பிடிப்பு எண் மிகவும் தாழ்ந்திருந்தால் அதில் கரைப்பான் நிறைய என்று அர்த்தம், சுத்தம் செய்ய நல்லது, நீடித்து நிற்காது. தரவுத்தாளே தராத கம்பெனியை நான் ஒதுக்கிவிடுவேன். சுழலும் வளையத்தில் பேரிங்கை அழுத்தி, "எங்கள் எண்ணெய் போட்டதும் சத்தமே இல்லை பாருங்கள்" என்று காட்டுகிற டெமோவை ரசித்துவிட்டு வந்துவிடுங்கள். அந்த அழுத்தம் ரைபிளுக்குள் எங்கும் கிடையாது, குளோரின் சேர்மானம் போட்ட சரக்குகள் அதில் பிரமாதமாக ஜெயிக்கும், ஆனால் நாளாவட்டத்தில் அதுவே உலோகத்தை அரிக்கலாம்.

வீட்டிலேயே நம்பகமாகச் சோதிக்கலாம். ஒரு கண்ணாடித் துண்டில் கைவசம் இருக்கிற எண்ணெய்களை ஒவ்வொரு சொட்டு வரிசையாக வைத்து, சுவரில் லேசாகச் சாய்த்து மூன்று நான்கு வாரம் விட்டுவிடுங்கள். சில முதல் மணி நேரத்திலேயே அடிவரை ஓடியிருக்கும், சில வைத்த இடத்திலேயே இருக்கும். கடைசியில் விரலை வைத்துப் பாருங்கள், வழுக்கினால் சரி, விரல் நுனி ஒட்டி இழுத்தால் அந்த எண்ணெயைப் பெட்டியில் வைக்கிற துப்பாக்கிக்குப் போடக்கூடாது. அதே கண்ணாடியை ஃப்ரீசரில் ஒரு இரவு வைத்தெடுத்தால் குளிர் நடத்தையும் தெரிந்துவிடும். துருவுக்கு, சாதாரண இரும்பு ஆணிகளை அசிட்டோனில் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணெய் தடவி, ஒன்றை மட்டும் வெறுமனே விட்டு, நூலில் தொங்கவிட்டு உப்புத்தண்ணீர் தெளித்துப் பாருங்கள். இதில் ஜெயித்தது வைப்புக்கு நல்ல எண்ணெய், உராய்வுக்கும் அதுதான் நல்லது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

எங்கே, எவ்வளவு

எந்தப் பிராண்ட் என்று மூன்று நாள் விவாதித்தவர்கள் இதற்கு மூன்று நிமிஷம்கூட ஒதுக்குவதில்லை, எனக்கு இது பெரிய வருத்தம். சுமாரான எண்ணெயைச் சரியான இடத்தில் போட்ட துப்பாக்கி ஓடும், உசத்தியான எண்ணெயைத் தவறான இடத்தில் போட்டது நிற்கும்.

பளபளப்பைத் தேடுங்கள். சில நூறு தோட்டா சுட்ட எந்த ரைபிளிலும் பூச்சு தேய்ந்து உலோகம் மினுங்குகிற இடங்கள் இருக்கும், உரசல் அங்கேதான், எண்ணெயும் அங்கேதான். ஏ.ஆர்.-15 என்றால் கேரியரின் அடியில் நீளவாட்டில் ஓடும் தடங்கள், போல்ட்டின் உடம்பு, அதிலுள்ள வளையங்கள், கேம் பின் (போல்ட்டைத் திருப்புகிற முளை), சார்ஜிங் ஹாண்டில் (போல்ட்டைக் கையால் இழுக்கிற பிடி) உரசுகிற இடம், ஹாமரும் (ஃபயரிங் பின்னைத் தட்டுகிற பாகம்) ட்ரிகரும் கொக்கி போடுகிற முனையில் ஒரே ஒரு சொட்டு. போல்ட் கழற்றாமலேயே நடுவில் எண்ணெய் போட வேண்டுமென்றால் கேரியரின் வலப்பக்கத்தில் இரண்டு துளைகள் இருக்கும், அவற்றில் ஒவ்வொரு சொட்டு விட்டுப் போல்ட்டை நாலைந்து தடவை இழுத்துவிட்டால் வளையங்களுக்குப் போய்ச் சேரும். ஏ.கே. வகையில் கேரியர் ஓடுகிற ரெயில்கள், போல்ட் திரும்புகிற வளைவுத் தடம், லக், கேரியரின் அடிப்பக்கம் ஹாமரை அழுத்துகிற இடம்.

எம்16க்கான ராணுவக் கையேட்டில் அளவு பற்றி ஒரு விளக்கம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. லேசாக என்றால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத படலம். தாராளமாக என்றால் விரலால் தள்ளிப் பரப்புகிற அளவு. பேரலின் உட்புறமும் வெளிப்புறமும் லேசான வகை, போல்ட்டும் கேரியரும் தாராளமான வகை. தாராளம் என்பதற்குச் சொட்டச் சொட்ட என்று பொருள் இல்லை, அதிகமானது முதல் மேகசினிலேயே உங்கள் கண்ணாடி மேல் தெறிக்கும்.

போடக்கூடாத இடங்களை இன்னும் கறாராகப் பாருங்கள். வாயுக் குழாய், வாயு பிஸ்டன், அது ஓடுகிற சிலிண்டர், எல்லாம் வறண்டே இருக்க வேண்டும், அங்கே எண்ணெய் எரிந்து கட்டிக் கரியாகும். சேம்பரும் வறண்டிருக்க வேண்டும். சுடும்போது தோட்டாவின் பித்தளைக் கூடு விரிந்து சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்ளும், அந்தப் பிடியில் எண்ணெய் இருந்தால் கூடு வழுக்கிப் பின்னால் உள்ள போல்ட்டின் மேல் பளு ஏறும். பேரலில் எண்ணெய் மிச்சமிருந்தால் முதல் குண்டு குறி தவறும், குளம்போல நின்றால் ஆபத்தும்கூட. தோட்டாக்களையும் மேகசினின் உட்புறத்தையும் எண்ணெய் படாமல் வையுங்கள், ஊடுருவுகிற எண்ணெய் பிரைமரைச் செத்துப்போக வைக்கும். ஃபயரிங் பின் ஓடுகிற துளையில் துடைத்தெடுத்த ஈரம் போதும். இதில் எஸ்.கே.எஸ். என்ற பழைய சோவியத் ரைபிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கண்டிப்பான வார்த்தை. பழைய கிடங்குகளிலிருந்து வருகிற அந்தத் துப்பாக்கிகளின் போல்ட்டுக்குள் காஸ்மோலின் என்ற மெழுகுச் சரக்கு அடைத்திருக்கும். ஃபயரிங் பின் முன்னால் நீட்டிக்கொண்டபடியே சிக்கினால் போல்ட் மூடும்போதே தோட்டா வெடிக்கும், நிறுத்த முடியாமல் அடுத்தடுத்தும் போகலாம். போல்ட்டைப் பிரித்து, கரைப்பானில் ஊறவைத்து, கையில் வைத்து ஆட்டினால் ஃபயரிங் பின் கலகல என்று இங்குமங்கும் ஓடுகிறதா என்று கேட்டபிறகுதான் தோட்டா.

பழைய உபரித் தோட்டாக்களைச் சுடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அவற்றின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தால், சுட்டபின் பேரலிலும் வாயுப் பாதையிலும் பொட்டாசியம் குளோரைடு உப்பு படியும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து ஒரு நாளைக்குள் துருவைக் கிளப்பிவிடும். எண்ணெயில் உப்பு கரையாது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, சூட்டிலேயே காயவிட்டு, அப்புறம்தான் எண்ணெய். தண்ணீரில் கலந்த பாலிஸ்டாலும் இந்த வேலைக்கு உதவும்.

மாற்றும்போதும் வைக்கும்போதும்

எண்ணெயை மாற்றுகிறவர்கள் பழையதன் மேலேயே புதியதை ஊற்றிவிடுகிறார்கள். சேர்மானங்கள் ஒத்துப்போகாமல் கூழாகலாம், கிரீஸ்களில் இது இன்னும் அடிக்கடி நடக்கும். முதலில் சால்வென்ட் கொண்டு உலோகம் கிறீச்சிடும் வரை துடையுங்கள். பிரேக் கிளீனர் அதற்கு வேகமானது, ஆனால் பிளாஸ்டிக் பாகங்களையும் மரப் பாலிஷையும் தின்றுவிடும், உலோகத்தைத் தனியே எடுத்து வெளியே காற்றோட்டத்தில் மட்டும் அடியுங்கள். குளோரின் உள்ள வகையைச் சூடான எதன் பக்கத்திலும் கொண்டுபோக வேண்டாம். எண்ணெய் எல்லாம் போய்விட்ட இரும்பு அன்றைக்கே துருப்பிடிக்கத் தொடங்கும், அதனால் துடைத்த கையோடு புதிய எண்ணெய்.

நீண்ட நாள் வைப்பதென்றால் பேரலிலும் வெளிப்புறத்திலும் துருத்தடுப்பு எண்ணெய் ஒரு மெல்லிய பூச்சு. முடிந்தால் முகப்பு கீழே இருக்கும்படி சாய்த்து வையுங்கள். நேராக நிறுத்தினால் எண்ணெயெல்லாம் ட்ரிகருக்கும் மரக்கட்டையின் கழுத்துக்கும் இறங்கி, மரம் கறுத்து மெத்தென்று ஆகிவிடும். உறையிலோ ஸ்பாஞ்ச் வைத்த பெட்டியிலோ வைக்காதீர்கள், அவை ஈரத்தைப் பிடித்து உலோகத்தோடு அணைத்து வைத்திருக்கும். பூட்டிய அலமாரியில் சிலிக்கா ஜெல் போட்டு, ஜெல் நிறம் மாறும்போது காயவைத்துத் திரும்பப் போடுங்கள்.

திரும்ப எடுக்கும்போது பேரலிலும் சேம்பரிலும் காய்ந்த துணியை விட்டு எண்ணெய் வராத வரை இழுங்கள், போல்ட் கேரியரில் புதிதாக எண்ணெய் போடுங்கள், வெற்றுக் கூடு வெளியே விழுகிற இடத்தையும் தூரத்தையும் முதல் சில சூட்டில் கவனியுங்கள். வழக்கத்தைவிடக் காலடியிலேயே சோம்பலாக விழுந்தால் கேரியர் மந்தமாக ஓடுகிறது, எண்ணெய் போதவில்லை அல்லது தடித்துவிட்டது. எண்ணெயை மாற்றிய அன்றைக்கு மேகசினில் இரண்டு தோட்டாவோடு ஆரம்பித்து, சரியாக ஏற்றி வெளியேற்றுகிறது என்று பார்த்தபிறகு நிரப்புங்கள்.